மனை எண் பதினான்கு

ஏழு ஹெக்டேர். சமதளம்.
மின்சாரம் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது.
இரண்டு லாரிகள் எதிரெதிரே போகுமளவு
தார்ச்சாலை வந்துவிட்டது.
இனி நீங்கள் வரவேண்டியதுதான்
என்று எழுதியவள் நான்.

லாட்வியாவின் கிழக்கு ஓரம்,
ஓஷ்கல்வா நகராட்சி, முதலீட்டுப் பிரிவு.
பிரிவு என்றால்
நானும் ஒரு பிரிண்டரும்.
மற்ற பிரிவெல்லாம்
பேருந்து நிலையத்தில் நடக்கும்,
வெள்ளிக்கிழமை இரவுகளில்,
பெரிய பைகளோடு.

கையேட்டின் ஆறாம் பக்கம்:
‘மேற்கு ஐரோப்பாவில் கொடுப்பதில்
பாதிகூட வேண்டாம், இங்கே ஆள் கிடைக்கும்.’
இன்னும் நாகரிகமாகத்தான் எழுதியிருந்தேன்.
பச்சை நிறம், தடித்த எழுத்து,
கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி.
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போகுமுன்
தம்பி ரைதிஸ் அதைப் புரட்டிப் பார்த்தான்.
“அக்கா, இந்த அம்புக்குறியில்
நான் எந்த இடத்தில் நிற்கிறேன்?”

மார்ச்சில் வந்தார்கள், மூன்று பேர்.
காருக்குள் ஓடும் ஒயர்களைக்
கட்டுக்கட்டாகப் பின்னும் கம்பெனி.
பனி உருகி எங்கும் சேறு.
ஒருவர் மண்ணைத் துளைத்துப் பார்த்தார்.
ஒருவர் வானத்தையும் சேர்த்துப் படம் பிடித்தார்.
ரெட்டோ என்பவர் மட்டும்
கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே கேட்டார்:
“முந்நூறு பேர். முப்பத்தைந்து வயதுக்குள்.
இருக்கிறார்களா?”

நானூற்றுப் பன்னிரண்டு பெயர் இருந்தது என்னிடம்.
குளிர்காலம் முழுக்க
ஒவ்வொருவராய்ப் போன் செய்து சேர்த்தது.
லீட்ஸில் கிடங்கு, ஓஸ்லோவில் சாரம்,
டப்ளினுக்கு வெளியே காளான்.
தொழிற்சாலை வந்தால் வருவோம் என்றார்கள்.
ஆட்கள் வந்தால் வருவோம் என்கிறார் இவர்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
நடுவில் நான்,
இரண்டு காதிலும் போன்.

“இருக்கிறார்கள்” என்றேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.

இருட்டியதும் சாலை விளக்குகள் தாமாகவே எரிந்தன,
நாற்பத்திரண்டும், எங்கும் போகாத அந்தச் சாலையில்.
நட்டநடுவில் ஒரு முயல்
அசையாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.
“உங்கள் முதல் முதலீட்டாளர்” என்றார் ரெட்டோ.
எல்லோரும் சிரித்தோம்.
மேயர் யாசெப்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.
புதுச் சப்பாத்து அவருக்கு,
அன்றைக்கென்றே வாங்கியது,
கணுக்கால்வரை சேறு.

ஜூனில் கடிதம் வந்தது.
லித்துவேனியா. எல்லைக்கு அப்பால்.
விமான நிலையம் பக்கம்,
வரிச்சலுகை இரண்டு ஆண்டு அதிகம்.
வருத்தத்துக்கு ஒரு வரி.
அதற்குக் கீழே:
‘நாங்கள் பார்த்த கையேடுகளில் உங்களுடையதே சிறந்தது.
புதிய ஆலைக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை
நீங்கள் ஏற்க முடியுமா?
உங்களிடம் இருந்த பட்டியலோடு.’
சம்பளம் எழுதியிருந்தது.
இரண்டு முறை படித்தேன்.
மூன்றாம் முறை, கதவைச் சாத்திவிட்டு.

ஆக, முதலீட்டுப் பிரிவு
ஐந்து ஆண்டில்
ஒரு வேலையைக் கொண்டுவந்துவிட்டது.

மேசையில் சாலை விளக்குக்கான மின்கட்டண ரசீது.
ஒன்றுவிட்டு ஒன்று அணைத்துவிடலாமா
என்று மேயர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்.
அதற்கும் இன்னும் நான் பதில் எழுதவில்லை.

ராத்திரி ரைதிஸ் கூப்பிட்டான்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.
“அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்?”
“நூற்று நாற்பது கிலோமீட்டர்.”
“ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாம்” என்றான்.
பிறகு,
“கூலி என்ன போட்டிருக்கிறார்கள்,
ஆறாம் பக்கத்துக் கூலியா?”