நாற்பத்திரண்டாம் மரம்

ஏப்ரல். பனி பாதி உருகிய அலுட்டகுசே காடு.
மூன்று பேர், ஒரு படிவம்,
இரண்டு ஜோடி நனைந்த காலுறை.
டைவோ மட்டும் ரப்பர் பூட்ஸில் வந்திருக்கிறார்,
அதைச் சொல்லிக்கொண்டே.

ஆஸ்பென் மரம் ஒவ்வொன்றின் அடியிலும்
மண்டியிட வேண்டும்.
பறக்கும் அணிலைப் பகலில் யார் பார்த்தார்கள்?
தேடுவது அதன் புழுக்கையை,
வேரோரம் இறைந்து கிடக்கும்,
அட்சதை மாதிரி.

நாற்பத்தொன்று. இல்லை.
மூஸ் மானின் குளம்படியில் தண்ணீர்,
அதில் மெரிக்கேயின் தொப்பி விழுந்து எழுந்தது.

நாற்பத்திரண்டு.
லேலோ சருகை விலக்குகிறாள்.
கையுறையைக் கழற்றி மறுபடி விலக்குகிறாள்.
போன வருடப் பட்டியலில் இதே மரத்துக்குப் பதினேழு,
அவள் கையெழுத்திலேயே.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி:
கோடு என்றால் பார்க்கவில்லை,
சுழியம் என்றால் பார்த்தோம், இல்லை.

யாரும் பேசவில்லை.
பேனா குளிரில் எழுதவில்லை,
வாயருகே வைத்து ஊதுகிறாள்.
பிறகு மெதுவாகச் சுழிக்கிறாள்,
மேலே மரங்கொத்தி விட்டுப்போன பொந்தை
ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு.

இரண்டரைக்கு டைவோ பேருந்து ஓட்டப் போக வேண்டும்.
இன்னும் ஒன்பது மரங்கள்.