கொத்தளம், நிலை 61

தொடக்கத்தில் முப்பது புள்ளிகள் தந்தார்கள்.
வலிமை, வேகம், அறிவு, அதிர்ஷ்டம், பேச்சு:
ஐந்து உண்டியல்.
ஆம்பூர் பைபாஸ் டீக்கடையில் நின்றபடி
இருபத்தெட்டை வலிமையில் போட்டேன்,
இரண்டை அதிர்ஷ்டத்தில்.
பேச்சுக்கு சைபர்.
சண்டைக்குப் போகிறவனுக்குப் பேச்செதற்கு?
பெயர் கேட்டது.
வேலூர்க் கோட்டையில் அகழி பார்த்துப் புடைத்து நிற்குமே,
அந்த நினைப்பில்
கொத்தளம் என்று அடித்தேன்.
அறுபத்தோராம் நிலை வரை
கிடைத்த புள்ளியெல்லாம் அதே உண்டியலுக்கு.

நான் கேடயக்காரன்.
கொல்வது என் வேலையில்லை.
அரக்கனின் கோபம் யார்மேல் விழவேண்டும் என்று
முடிவு செய்வதுதான்.
'வசவு' என்றொரு பொத்தான்.
அழுத்தினால் முப்பதடிக்குள் இருக்கும்
எல்லாப் பல்லும் என் பக்கம் திரும்பும்,
எட்டு நொடி.
மற்றவர்கள் பிழைப்பது அந்த எட்டில்.

குடியாத்தத்துத் தணிகைவேல் நெருப்பு மந்திரவாதி.
பகலில் தீப்பெட்டி கம்பெனி.
"வேற இன்னா எடுக்கச் சொல்ற நைனா?"
மூன்று எண்ணச் சொன்னால்
ஒன்றிலேயே கொளுத்திவிடுவான்.

பியூலா அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
வைத்தியக்காரியாக வாங்க என்று கெஞ்சினோம்.
"பன்னெண்டு மணி நேரம் அதைத்தானே பண்றேன்"
என்று இரண்டு குத்துவாள் எடுத்துக்கொண்டாள்.
லீவு இரவுகளில் வந்து
முதுகு முதுகாகக் குத்திவிட்டு
நிம்மதியாகத் தூங்கப் போவாள்.

வைத்தியன் தேபாசிஷ்.
அப்பாவின் ரத்தத்துக்காக பர்த்தமானிலிருந்து வந்து
காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில் ஏழு மாதம்.
அவன் தமிழ் முழுக்க எங்களிடம் எடுத்தது:
இடது. வலது. பின்னாடி வா. செத்துட்டேன்.
இதை வைத்துக்கொண்டே
மருந்துக்கடைக்கும் போய் வந்துகொண்டிருந்தான்.

சுண்ணாம்புக் குகையில் ஒன்பது தலை.
பதினோரு முறை தோற்றோம்.
பன்னிரண்டாம் முறை, வெள்ளி இரவு,
என் உயிர் மூன்று சதவீதத்தில் நின்று ஆட,
பச்சை வெளிச்சம் ஒன்று வந்து மேலே விழுந்தது.
"அண்ணா, நான் இருக்கேன்."
புது வாக்கியம். யார் கற்றுக்கொடுத்ததோ.

திங்கட்கிழமை, லைன் இரண்டு.
ஜெர்மனிக்குப் போன பெட்டியில் நாற்பது ஜோடி
அடிப்பாகம் வாயைப் பிளந்து திரும்பி வந்திருந்தது.
பசை உலர நான் விட்டது நான்கு நிமிடம்.
விடவேண்டியது ஏழு.
எனக்குத் தெரியும்.
எனக்கு மட்டும்.

மேனேஜர் வந்தார்.
கடைசி முத்திரை குத்துவது மெஹராஜ் என்பதால்
கத்தல் அவள்மேல் இறங்கியது.
எங்களுக்கு நடுவே மூன்றடி.
என் கட்டைவிரல் தானாகப் பேண்ட்டின்மேல் அழுத்தியது.
எட்டு நொடி எண்ணினேன்.
பதினாறு.
அவள் முத்திரையைத் துடைத்தாள்,
அழுக்கில்லாத முத்திரையை,
மறுபடி மறுபடி.

அன்றிரவு மறுவடிவச் சுருள் வாங்கினேன்.
ஐந்து மாதம் சேர்த்த ஆயிரத்து நூறு பொற்காசு.
வலிமையில் இருபதைப் பிடுங்கிப்
பேச்சில் போட்டேன்.
உறுதியா, என்றது சுருள்.
ஆம்.

பேச்சு இருபது இருந்தால் என்ன கிடைக்கும்
என்று பிறகுதான் வாசித்தேன்.
கடைக்காரர்கள் விலை குறைப்பார்கள்.
வாயிற்காவலர் சீக்கிரம் கதவு திறப்பார்கள்.
அவ்வளவுதான்.

குகைக்குப் போனோம்.
இரண்டாம் தலையிலேயே விழுந்தேன்.
"யோவ், இன்னா ஆச்சு உனுக்கு,
காயிதம் மாதிரி கீறே?"
பியூலா அக்கா ஒன்றும் கேட்கவில்லை.
அவள் குத்துவாளை உறையில் போடும் சத்தம் மட்டும்.
எழுப்பும் மந்திரம் ஒன்றே மிச்சம் வைத்துக்கொண்டு
தேபாசிஷ் என் பிணத்தருகே நின்றான்.
"அண்ணா? இடது?"

மைக் திறந்திருந்தது.
"நாலு நிமிஷம்தான் விட்டேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றான் தணிகைவேல்.