பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் நான்கு

ஸ்டுடியோவில் எங்கள் சூரியனுக்கு மதிப்பு ஒன்று.
நிலாவுக்கும் சில நாள் ஒன்று,
இயக்குநர் முகம் சுளித்தால் ஒன்றரை.
இரவு என்றால் நீலம் ஊற்றுவோம்.
கதாநாயகியின் கன்னத்துக்கென்று தனி விளக்கு;
எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்டதில்லை.

மூக்கையூரில் கேட்டார்கள்.

மாசி அமாவாசை, அதிகாலை மூன்று பத்து.
கரை திரும்பிய விசைப்படகு ஒன்று
இஞ்ஞாசியின் வள்ளத்தின் மேல் ஏறிக் கடந்தது.
வள்ளத்தில் விளக்கு எரிந்தது என்கிறாள் ஞானசீலி,
பேட்டரி மாற்றிக் கொடுத்தவள் அவள்.
கண்ணில் படவே இல்லை என்கிறார் ரெமிஜியூஸ்,
சுக்கான் அவர் கையில் இருந்தது.
இரண்டும் பொய்யில்லை என்றால்
கடல் அன்றைக்கு என்னதான் செய்தது?
கணினியில் கட்டிக் காட்டுங்கள் என்றது விசாரணைக் குழு.

பங்குனி அமாவாசைக்குக் காத்திருந்து போனேன்.
மதியம், மணலில், லக்ஸ் மீட்டர்
ஒரு லட்சத்து நான்காயிரம் என்றது.
இரவு, துறைத் தெருவிளக்கின் அடியில் பதினெட்டு.
பிறகு இருட்டுக்குள் நடக்க நடக்க
எண்கள் புள்ளியைத் தாண்டி ஒளிந்தன.

அதே மாதிரி விளக்கு
சாயல்குடியில் நூற்றுப்பத்து ரூபாய்.
லாட்ஜ் மேசையில் வைத்து அளந்தேன்: இரண்டு கேண்டெலா.
தூரத்தைத் தூரத்தால் பெருக்கி வகுத்தால்
நானூறு மீட்டரில் அது
வானத்தின் ஆகப்பெரிய மீனுக்கு ஈடு.
தொள்ளாயிரத்திலும் மீன்தான்,
கொஞ்சம் கூச்சப்படும்.
கணக்கு ஞானசீலி பக்கம் நின்றது.

மறுநாள் இரவு ரெமிஜியூஸின் படகில்
அவர் நின்ற பலகையில் நின்று
மீட்டரைக் கரைக்குத் திருப்பினேன்.
0.04.
ஐஸ் கம்பெனி ஃப்ளட்லைட்,
ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
தலை குனியாமல் நேரே கண்ணுக்குள்.
சின்ன எண்தான்.
வள்ளத்து விளக்கைப்போல் மூவாயிரம் மடங்கு.
கொடியேற்றக் கூட்டத்தில் மூவாயிரம் பேர் கத்தும்போது
ஒருவன் மெதுவாக உன் பேரைச் சொன்னால்?

செட்டியைக் குடிகெடுத்த வெள்ளி என்று
ஒரு மீனைச் சொல்வார்கள் கடலோரத்தில்,
விடிந்துவிட்டதென்று நம்பவைத்துக் கூட்டிப்போனது.
இது ஐந்தாள் உயரக் கம்பத்தில் நிற்கிறது,
கரண்ட் பில் கட்டுகிறார்கள்.

உண்மை எண்களைப் போட்டதும்
முதல் ரெண்டர் முழுக்கக் கறுப்பு.
பழகிய கை தானாக ஸ்லைடருக்குப் போனது.
கொஞ்சம் நீலம். அலைமுதுகில் ஒரு கோடு.
ஞானசீலிக்காக ஒரு பொட்டு வெளிச்சம் கூட்டினால்
வள்ளம் துலங்கும், வழக்கும் துலங்கும்.
ரெமிஜியூஸுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள்;
அதற்கு அலகு கிடையாது.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில், ஜன்னலில் கறுப்புத் துணி ஒட்டிய அறை.
கண் பழக இருபது நிமிடம் வேண்டும் என்றேன்.
ஆறாவது நிமிடம் யாருக்கோ போன் வந்தது.
மறுபடி முதலிலிருந்து.
நாற்காலிகள் கிறீச்சிட்டன, ஒருவர் இருமினார்,
பிறகு நாங்கள் எல்லோரும் வெறும் மூச்சு.

ஃப்ளட்லைட் இல்லாமல் முதலில் காட்டினேன்.
"அந்தா" என்றாள் ஞானசீலி.
ஊசிமுனை.
ஃப்ளட்லைட்டைப் போட்டேன்.
அந்த இடத்தில் கரை இருந்தது, பால்மாதிரி ஒளி இருந்தது,
அவள் சுட்டிய விரல் திரையின் குறுக்கே
எதையும் சுட்டாமல் நின்றது.
"இன்னொருக்கா போடுங்க" என்றது ஆண்குரல்.
போட்டேன். அணைத்தேன். போட்டேன்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

டியூப்லைட் மூன்று முறை துடித்து எரிந்தபோது
எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டோம்.
முந்நூறு லக்ஸ் இருக்கும்.
ரெமிஜியூஸ் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்.
அதிகாரி கோப்பில் எதையோ தேடினார்,
ஐஸ் கம்பெனியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

ஞானசீலி என்னைத்தான் கேட்டாள்:
"இப்பவும் எரியுதா அது?"