ஒன்பதாம் நாள் தண்ணீர்

ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருசம்.
நூல் கோனில் சாயம் ஒரு பொட்டு மாறினாலும்
கண் பிடித்துவிடும். அதனால்
பழுப்பு, கறுப்பு, சிவப்பென்று
ரெசிஸ்டர் தன் வளையங்களைக் காட்டியதும்
பாதிப் பயம் போயிற்று.

டிரான்சிஸ்டர்தான் அடங்கவில்லை.
மூன்று கால்.
மாற்றி வைத்து இரண்டைப் பொசுக்கினேன்.
"ஏனுங்க்கா, என்னமோ கருகுதாட்ட இருக்குது?"
பக்கத்து வீட்டுச் செல்வநாயகி.
"பருப்பு அடிப்பிடிச்சிருச்சு" என்றேன்.

வேலம்பாளையத்தில் தண்ணீர்
ஒன்பது நாளைக்கொருக்கா,
அதுவும் நேரம் சொல்லாமல்.
குழாய் வாயில் இரண்டு ஒயரைத் தொங்கவிட்டு
பேட்டரியை மாட்டிவிட்டுப் படுத்தேன்.

ராத்திரி ரெண்டே முக்காலுக்குக்
கத்தியது பாருங்க,
லைன் வீடே குடத்தோடு ஓடியது.

நான்
அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.
குடம் உள்ளே கிடந்தது.