குடிபோன ஓட்டை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை
ஜன்னலில் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறது.

மூன்று மீட்டர் பேனரில்
மல்யுத்த வீரர் சோத்பிலெக்.
சிவப்புச் சட்டை மஞ்சளாய் வந்தது,
முகம், இறந்து ஒருநாள் ஆனதுபோல், பச்சை.

நாசில் செக் எடுத்தேன்.
மஜெந்தா கட்டம் பல் விழுந்த சீப்பு.
ஹெட் கிளீனிங்.
இன்னொரு முறை.
இப்போது வேறு பற்கள் விழுந்திருந்தன.

"ஹெட் போச்சு" என்றான் துல்கூன்.
புது ஹெட், எங்கள் இருவரின் நான்கு மாதச் சம்பளம்.
பொறு என்றேன்.
சியான் டேம்பரையும் மஜெந்தா டேம்பரையும்
இடம் மாற்றி மாட்டினேன்.
குற்றம் கூடவே போகிறதா,
ஹெட்டிலேயே தங்குகிறதா?

பேனரை வாங்க வந்த சோத்பிலெக்
பச்சை முகத்தை வெகுநேரம் பார்த்தார்.
"தோற்றால் இப்படித்தான் இருப்பேனோ?"
சிரித்துவிட்டு, கேட்காமலே
டார்ச்சை வாங்கிப் பிடித்தார்.
அந்தக் கைக்குள் டார்ச் ஒரு தீக்குச்சி.

தாள் வந்தது.
மஜெந்தாவின் வரிசை நீலமாய் நிறைந்து நிற்க
ஓட்டை பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தது.

டேம்பரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன்.
கடுகளவு காற்று.
அவ்வளவுதான்.
சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து
அவரவர் இடத்தில் மாட்டினேன்.
கொஞ்ச நேரம் எல்லாம் ஊதாவாய்க் கலங்கியது,
பிறகு தெளிந்தது.

இரண்டே முக்காலுக்கு
முதலில் தொப்பி வந்தது,
பிறகு நெற்றி,
பிறகு குளிரில் நிற்பவனின் சிவந்த காது.

சோத்பிலெக்
தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.