ஏழரை மணி

ஊருக்குள் தண்ணீர் விட்டு
ஒன்பது நாள்.
புலவாயோவின் அகன்ற தெருக்களில்
ஜகரண்டா மட்டும்
யாரைக் கேட்டுப் பூத்ததோ,
அக்டோபர் வெயிலில்
ஊதா ஊதாவாய்க் கொட்டிக் கிடக்கிறது.

என் சலூன் கதவில்
நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்:
தலை அலச வருகிறவர்கள்
ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரவும்.
கோக் பாட்டிலில் கொண்டுவருகிறார்கள்,
சமையல் எண்ணெய் டின்னில்.
ஒருத்தி, பிள்ளையின் பால் புட்டிகள் ஆறில்.
அலசிய தண்ணீர்
பேசினுக்கடியில் வாளியில் விழும்.
அது மறுநாள் தரை துடைக்கும்.
துடைத்தது கீரைக்குப் போகும்.
கீரைக்குப் போனதை மட்டும்
திரும்பப் பிடிக்க இன்னும் கற்கவில்லை நாங்கள்.

அவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம்.
அதுதான் வினையாய் முடிந்தது.
எதையும் கீழே விடாத ஊரில்
கீழே ஓட வேண்டியது ஓடவில்லை.
மண்ணுக்கடியில் சாக்கடைக் குழாய்கள்
தொண்டை வறண்டு
அடைத்துக்கொண்டன.

மாநகராட்சி வண்டி வந்தது.
சிக்கனம் சிக்கனம் என்று
வருஷக்கணக்காய்க் கத்திய அதே ஒலிபெருக்கி
கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னது:
திங்களும் வியாழனும்
இரவு சரியாக ஏழரைக்கு
எல்லோரும் ஒரே நேரத்தில்
கழிப்பறையில் ஊற்றுங்கள்.

தெரு சிரித்த சிரிப்பு இருக்கிறதே!
மினிபஸ் கண்டக்டர் பையன்
ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு
ஏழரை, ஏழரை என்று கூவினான்.
ஞாயிறன்று பாஸ்டர்
அறிவிப்பை வாசித்து முடித்துவிட்டு
ஆமென் சொல்வதா வேண்டாமா என்று
தடுமாறிப்போனார்.

வியாழன்.
பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை.
வாளி காய்ந்து கிடந்தது.
ஆறு மணிக்கு நொமலங்கா வந்தாள்,
கையில் பாட்டில் இல்லாமல்.
விடிந்தால் முதல் பேருந்தில் எல்லை தாண்டுகிறாளாம்.
பிரான்சிஸ்டவுனில் ஓட்டல் வேலை,
நேரில் பார்த்துத்தான் எடுப்பார்களாம்.
செங்கல் சூளையில் மூன்று மாதம்
தலைமேல் படிந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
குடிக்க வைத்திருந்த கேனைச் சாய்த்தேன்.
முதல் தண்ணீர் செங்கல்.
இரண்டாவது தேநீர்.
மூன்றாவதில்
என் விரல்கள் எனக்குத் தெரிந்தன.

போய்ச் சேர்ந்ததும் அனுப்பிவிடுகிறேன் அக்கா, என்றாள்.
காசைத்தான் சொன்னாள்.
தண்ணீரை என்று நினைத்துவிட்டேன்,
ஒரு நொடி.

ஏழு இருபத்தொன்பது.
ரேடியோக்கள் வாயடைத்தன.
ஈரத்தலையோடு அவளே வாளியைத் தூக்கினாள்.
ஊற்று, என்றேன்.

பக்கத்து வீட்டில்.
எதிர் வீட்டில்.
கைமாற்றுக் கடனால் பேச்சு நின்றுபோன
மகலிசா வீட்டிலும்.
சுவர்கள் ஏப்பம் விட்டன.
காலுக்கடியில் ஏதோ புரண்டு படுத்தது.

இங்கே வானத்துக்கும் மழைக்கும்
ஒரே சொல்தான், இசூலு.
அது தரைக்குக் கீழே ஓடிக் கேட்டதில்லை
இதற்குமுன்.
நாற்றத்தோடுதான் ஓடியது,
சொல்லிவிடுகிறேன்.

ஊரின் தாழ்ந்த கோடியில்
மூடி திறந்த குழியருகே
டார்ச்சோடு நின்றிருந்த குபானி
மறுநாள் முடிவெட்ட வந்தபோது சொன்னான்:
ஏழரை, ஒன்றுமில்லை.
ஏழே முக்கால், ஒன்றுமில்லை.
சிகரெட் பற்றவைக்கப் போனேன்.
அப்போது வந்தது.
பார்க்க அழகாயில்லை.
ஆனால் வந்தது.

சிவப்பாய் ஏதாவது வந்ததா, என்று கேட்டேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து என்னை
ஒரு மாதிரி பார்த்தான்.

அவன் போனபிறகு
கதவு அறிவிப்பில்
இரண்டை அடித்துவிட்டு
மூன்று என்று எழுதினேன்.
கீழே, சின்ன எழுத்தில்:
இல்லாதவர்கள்
ஆறு மணிக்குமேல் வரவும்.