துருசு

இலையைத் திருப்பினால் அடியில்
அரிசிமா சிந்தினதுபோல் பூஞ்சணம்.
கார்த்திகை மழை இன்னும் ஓயவில்லை.

துருசுக் கரைசலில் நீற்றின சுண்ணாம்பு விட்டு
கத்தியை முக்கிப் பார்த்தேன்.
அலகில் செம்பு படிந்தது.
இன்னும் ஒரு பிடி சுண்ணாம்பு.

பந்தலில் பாதிக் கொடி வெட்டித் தாட்டாயிற்று.
மிச்சத்துக்கு மருந்தடித்து என்ன,
வேலிக்கு அப்பால் பரராசசிங்கத்தின் கொடி
அதே நோயோடு
என் பக்கம் மூச்சு விடுகிறது.
இரண்டு முழக் காணிக்கு
மல்லாகம் கோட்டில் ஆறாவது தவணை.
பூஞ்சணத்துக்கு உறுதி வாசிக்கத் தெரியாது.

அவர் சந்தைக்குப் போன நேரம்
மிசின் குழாயை வேலிக்கு மேலால் நீட்டினேன்,
கை நடுங்க.

வெள்ளிக்கிழமை கொடியில் காய்ந்த என் சேலையில்
நீலப் பொட்டுகள்.
அன்றைக்கு நான் மருந்தடிக்கவில்லை.